ஆறாம் அத்தியாயம்: திரையில் ஓடிய பாதைகள், மேசையில்

ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய ‘கிராண்ட் பிரி’ 1966 டிசம்பரில் வெளியானது. அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்த இடங்களுக்கே படக்குழு போய், நிஜப் பந்தயங்களுக்கு நடுவே கேமராவை வைத்தது. கார்களின் மூக்கிலும் முதுகிலும் கேமராவைப் பூட்டி, சாலைக்கு ஓரடி உயரத்தில் உலகம் எப்படிப் பாய்ந்து வருகிறது என்று 70 மி.மீ. திரையில் காட்டியது. கேமரா கார்களை ஓட்டியவர்களில் ஒருவர் ஃபில் ஹில், 1961-இன் உலகச் சாம்பியன். ஒலி, ஒலி விளைவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றுக்கும் படம் ஆஸ்கர் வாங்கியது. காதல் கதை சில இடங்களில் இழுக்கும். பாதைகளைப் பதிவுசெய்த விதத்தில் மட்டும் இதற்கு இணையாக இன்னொரு படத்தை என்னால் சொல்ல முடியாது.

நமக்கு இந்தப் படம் பொக்கிஷமாவதற்குக் காரணம் உண்டு. இதில் வரும் சுற்றுகள் இன்று அந்த வடிவில் பந்தயத்துக்கு இல்லை. மொனாக்கோவில் அப்போது நீச்சல்குளத்தைச் சுற்றும் வளைவுகள் கிடையாது. அவை 1973-இல் வந்தவை. ஸ்பா அப்போது கிராமங்களுக்கு ஊடே ஓடிய 14 கிலோமீட்டர் பொதுச்சாலை. 1979-இல் அது பாதியாகச் சுருங்கியது. மோன்சாவின் சாய்வு வளைவுகள் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று நெடுங்காலமாகிறது. வைக்கோல் கட்டு, மரம், வீட்டுச் சுவர் ஆகியவைதான் அன்றைய பாதையோரம். அந்தச் சாலைகளில் அந்தக் கார்களை மறுபடி ஓடவிட வேண்டுமென்றால், ஸ்லாட் கார் மேசை நல்ல இடம்.

முந்தைய அத்தியாயங்களைத் தாண்டி நேரே இங்கே வந்தவர்களுக்காக அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பாதைத் துண்டின் நடுவே ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காடி ஓடும். காடியின் இரு கரைகளிலும் உலோகப் பட்டை. காரின் அடியில் உள்ள நாக்கு காடிக்குள் இறங்கி வழிநடத்தும். நாக்கின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல் பட்டையைத் தொட்டு மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும். கையில் உள்ள கன்ட்ரோலர் வேகத்தை மட்டும் மாற்றும். ஸ்டியரிங் கிடையாது. எனவே பாதையை அமைப்பவர் தரும் வளைவும் ஏற்றமும்தான் ஓட்டுபவரின் அனுபவம் முழுவதும்.

வரைபடத்தைச் சுருக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இது ஒன்றுதான். முதலில் கணக்கைப் பாருங்கள். வீட்டில் நாம் பயன்படுத்தும் கார்கள் 1/32 அளவு. அதே அளவில் பாதையும் வேண்டுமென்றால், 3.145 கிலோமீட்டர் மொனாக்கோவுக்கு 98 மீட்டர் பாதை தேவை. பிரான்ஸின் ஷராடுக்கு 250 மீட்டர். பழைய ஸ்பாவுக்கு 440 மீட்டர். ஒரு சாதாரண அறையில் அமைக்கும் சுற்று 10 முதல் 18 மீட்டர் வரை வரும். அதாவது மொனாக்கோவையே எட்டில் ஒரு பங்காக வெட்ட வேண்டும். ஸ்பாவை இருபத்தைந்தில் ஒன்றுக்கும் கீழே.

இங்கேதான் பலர் வரைபடத்தை எடுத்து, எல்லா வளைவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி மேசையில் அடைக்கப் பார்க்கிறார்கள். விளைவு பரிதாபமாக இருக்கும். கார் நேராக ஓடவே இடமிருக்காது. எந்த வளைவும் அதன் குணத்தோடு நிற்காது. மேலிருந்து பார்த்தால் மட்டும் பெயர் தெரியும். ஓட்டினால் எந்த ஊர் என்றே தெரியாது.

படம் இதைச் சமாளித்த வழியைக் கவனியுங்கள். ஃபிராங்கன்ஹைமர் எந்தச் சுற்றையும் அங்குலம் அங்குலமாகக் காட்டவில்லை. ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைச் சரியான வரிசையில், சரியான திசையில் வெட்டி ஒட்டினார். நடுவில் விட்டுப்போனதைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொண்டது. மேசையிலும் அதையே செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கைந்து இடங்கள் போதும். அவை வரும் வரிசை மாறக் கூடாது. இடது வளைவு இடதாகவே, வலது வளைவு வலதாகவே இருக்க வேண்டும். ஏற்றம் ஏற்றமாகவும் இறக்கம் இறக்கமாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் காப்பாற்றிவிட்டால் நீளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம்.

பென்சிலோடு படம் பார்ப்பது

ஒரு முறை படத்தைப் படமாகப் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை பந்தயக் காட்சிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், சாலை ஏறுகிறதா இறங்குகிறதா, ஓரத்தில் என்ன நிற்கிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள். ஒரு வளைவை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதன் வடிவமே இல்லை. அதன் பக்கத்தில் உள்ள ஹோட்டல், கல்சுவர், விளம்பரப் பலகை.

இதில் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். நீங்கள் அமைப்பது படத்தின் பாதையா, வரலாற்றின் பாதையா? இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. 1966-இன் பிரெஞ்சுப் பந்தயம் உண்மையில் ரெய்ம்ஸில் நடந்தது. படத்தில் அது கிளெர்மோன்-ஃபெராண்ட் மலைச்சாலையான ஷராடில் நடக்கிறது. 1966-இன் நிஜ இத்தாலியப் பந்தயம் மோன்சாவின் 5.75 கிலோமீட்டர் சாலைச் சுற்றில் மட்டும் ஓடியது. படத்திலோ சாய்வு வளைவுகள் கதையின் உச்சமே. நான் தயங்காமல் படத்தின் பக்கம் நிற்பேன். இயக்குநர் மலைச்சாலையைத் தேர்ந்ததும் சாய்வு வளைவைத் தேர்ந்ததும் கண்ணுக்காக. நம் மேசையும் கண்ணுக்கானதுதான்.

மொனாக்கோ

படம் தொடங்கும் இடத்தில் நாமும் தொடங்குவோம். வளைவுகளின் வரிசை இப்படி: புறப்பாட்டுக் கோடு, வலப்பக்கம் திரும்பும் சான்த் தெவோத், மேட்டில் நீளமாக ஏறும் போ ரிவாஜ், உச்சியில் இடப்பக்கம் மசெனே, வலப்பக்கம் கசினோ சதுக்கம், இறக்கத்தில் மிராபோ, இடப்பக்கக் கொண்டை ஊசியான ரயில் நிலைய வளைவு, கடலோரத்துக்குத் திருப்பும் போர்த்தியே, சுரங்கம், அதைவிட்டு வெளியே வந்ததும் இட-வலச் சிறு நெளிவு, இடப்பக்கம் தபா, துறைமுகத்தின் ஓர நேர்சாலை, கடைசியில் எரிவாயுக் கிடங்கின் பெயர் கொண்ட வலப்பக்கக் கொண்டை ஊசி. அதிலிருந்து மீண்டும் புறப்பாட்டுக் கோடு.

இத்தனையும் வைக்க முடியாது. நான் கைவிடுவது மிராபோவையும் மசெனேயையும். கசினோவை ஒரே ஒரு வலப்பக்க வளைவாக்கி, அதிலிருந்து நேரே இறங்கி ரயில் நிலையக் கொண்டை ஊசிக்குப் போய்விடலாம். எதைக் கைவிட்டாலும் இரண்டு கொண்டை ஊசிகளையும் சுரங்கத்தையும் துறைமுக ஓரத்தையும் கைவிடாதீர்கள். படத்தில் அமெரிக்க ஓட்டுநர் பீட் ஆரன் தன் காரோடு கடலில் போய் விழுவது இந்தத் துறைமுகத்தில்தான். திரையில் அது கதை. ஆனால் 1955-இல் ஆல்பெர்தோ அஸ்காரியும் 1965-இல் பால் ஹாக்கின்ஸும் நிஜமாகவே இதே நீரில் விழுந்து பிழைத்தார்கள்.

தண்ணீர் பாதையைவிடத் தாழ்வாக இருந்தால்தான் துறைமுகம் துறைமுகமாகத் தெரியும். இதைப் பலகை வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பிளைவுட்டை அடித்தளமாகப் போட்டு, பாதை முழுவதையும் அதற்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் மரச்சட்டங்களின் மேல் நிறுத்துங்கள். அடித்தளத்தின் வெறும் பகுதிதான் கடல். கரும்பச்சையும் நீலமும் கலந்து அடித்து, காய்ந்த பின் பளபளப்பு வார்னிஷ் நான்கைந்து பூச்சு. பாதையின் விளிம்பில் கல்சுவர், அதன் முன்னே வைக்கோல் கட்டுகள். பாதையை அடித்தளத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு கடல் வேண்டும் என்றால் எதுவும் செய்ய முடியாது.

ஏற்றம் அடுத்தது. மொனாக்கோவின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் 42 மீட்டர் வித்தியாசம். 1/32 அளவில் அது 1.3 மீட்டர், மேசையில் நடக்காத காரியம். 20 செ.மீ. போதும், கண் அதை மலையாகவே ஏற்றுக்கொள்ளும். ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 8 செ.மீ. ஏற்றம் நல்ல அளவு, 10-ஐத் தாண்ட வேண்டாம். ஆக 20 செ.மீ. ஏற 2.5 மீட்டர் வேண்டும். போ ரிவாஜின் நீளம் உங்களுக்கு இதிலேயே முடிவாகிவிடுகிறது. இறங்கும் பக்கம் கொண்டை ஊசியைச் சரிவில் வைக்காதீர்கள். அதைத் தட்டையான ஒரு படியாக 10 செ.மீ. உயரத்தில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் சரியவிடுங்கள். சரிவிலேயே குறுகிய வளைவு வந்தால் காரின் முன்பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நாக்கு காடியை விட்டு எழும்பும்.

சுரங்கத்துக்கு ஒரே விதி: கூரை கழற்றும்படி இருக்க வேண்டும், அல்லது பார்வையாளருக்குத் தெரியாத பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். கார் நிச்சயம் உள்ளே நிற்கும். கை போக வழி இல்லாவிட்டால் ஒவ்வொரு பந்தயமும் அங்கேயே முடியும்.

பிளாஸ்டிக் துண்டுகளில் அமைப்பவர்களுக்கு அளவு: ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பாதையின் அகலம் 156 மி.மீ., முழு நேர்த்துண்டு 350 மி.மீ. வளைவுகள் நான்கு ஆரங்களில் வருகின்றன. ஒன்றை ஒட்டி அடுத்தது வெளிப்புறமாகக் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு கொண்டை ஊசிகளுக்கும் மிகக் குறுகிய முதல் ஆரம். சுரங்கத்துக்கு மூன்றாம் அல்லது நான்காம் ஆரம், ஏனெனில் அங்கே கார் வேகத்தோடு வளைய வேண்டும். 3.2 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் உள்ள மேசையில் சுமார் 11 மீட்டர் மொனாக்கோ கிடைக்கும். எரிவாயுக் கிடங்குக் கொண்டை ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு நேர்சாலைகளும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும். அன்று பழுதுபார்க்கும் குழிகள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தன. அந்த ஒல்லியான இடத்தை மேசையிலும் விட்டுவையுங்கள். மொனாக்கோ என்று அடையாளம் சொல்ல அது ஒன்றே போதும்.

உள் தடம், வெளித் தடம்

ஒரு முக்கியமான கணக்கு. சுற்று எந்த வடிவில் இருந்தாலும், எத்தனை நெளிவு இருந்தாலும், தன்னைத் தானே கடக்காத ஒரு சுற்றில் வெளித் தடம் உள் தடத்தைவிட எப்போதும் ஒரே அளவுதான் நீளம். இரு காடிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 6.28-ஆல் பெருக்குங்கள். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் காடிகளின் இடைவெளி 78 மி.மீ.; எனவே வித்தியாசம் 49 செ.மீ. மொனாக்கோவின் இடப்பக்க வளைவுகள் இதைச் சரிக்கட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இடப்பக்கத் திருப்பத்துக்கும் ஈடாக வேறெங்கோ கூடுதலாக வலப்பக்கம் திரும்பித்தான் சுற்று மூடுகிறது. 11 மீட்டர் சுற்றில் 49 செ.மீ. என்பது நூற்றுக்கு நான்குக்கும் மேல். உள் தடத்தின் வளைவுகள் இன்னும் குறுகலானவை என்பதால் நேரத்தில் ஓரளவு ஈடாகும், முழுவதும் ஆகாது.

காடிகள் இடம் மாறும் குறுக்குத் துண்டுகள் கடையில் கிடைக்கின்றன. பழைய சுற்றுகளை அமைக்கும்போது அவற்றை நான் வைப்பதில்லை. இரு கார்கள் மோதும் இடம் செயற்கையாக ஒன்று உருவாகிவிடுகிறது. பந்தயத்தைப் பாதியில் நிறுத்தித் தடம் மாற்றிக்கொள்வது நேர்மையான வழி.

ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம்ப்

மொனாக்கோவுக்கு நேர் எதிர். அங்கே எல்லாம் குறுகல். இங்கே எல்லாம் வேகம். 1966 ஜூனில் நிஜப் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே கார்கள் மழைக்குள் போய்ப் பாதிப் பேர் சாலையை விட்டு வெளியேறினார்கள். ஜாக்கி ஸ்டூவர்ட் மாஸ்டாவில் விபத்துக்குள்ளாகி, பெட்ரோல் தேங்கிய காருக்குள் சிக்கிக் கிடந்தார். ஓட்டுநர் பாதுகாப்புக்காக அவர் பின்னாளில் நடத்திய போராட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. வென்றவர் ஃபெராரியில் ஜான் சர்டீஸ். படக்குழுவும் அந்த வார இறுதியில் அங்கே இருந்தது. படத்தின் ஸ்பாவிலும் மழை உண்டு.

பழைய ஸ்பா ஒரு முக்கோணம். அதன் மூன்று முனைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை லா சூர்ஸ் என்ற வலப்பக்கக் கொண்டை ஊசி. இந்தச் சுற்றில் முதல் ஆரம் வரும் ஒரே இடம் அதுவாகவே இருக்கட்டும். அதிலிருந்து இறக்கம், இறக்கத்திலேயே புறப்பாட்டுக் கோடு, அடியில் ஓ ரூஜ் ஓடையின் இடப்பக்க நெளிவு, உடனே ரைடியோனின் வலப்பக்க ஏற்றம். அடுத்த முனை பர்னன்வில், நான்காம் ஆரத்தில் அரைவட்டத்துக்குச் சற்றுக் குறைவான ஒரே நீண்ட வலப்பக்க வளைவு. அதன்பின் மாஸ்டா நேர்சாலையும் அதன் நடுவில் இட-வல வெட்டும். மூன்றாம் முனை ஸ்டாவெலோ, மீண்டும் அகலமான வலப்பக்கம். மற்றதெல்லாம் போகட்டும். இடம் பற்றவில்லை என்றால் ஸ்டாவெலோவைச் சுருக்குங்கள், மாஸ்டாவின் நீளத்தில் கை வைக்காதீர்கள். 14 கிலோமீட்டரின் பயம் முழுவதும் அந்த நீளத்தில்தான் இருந்தது. மாஸ்டா வெட்டில் கல்வீடுகளைப் பாதையின் விளிம்பை ஒட்டியே நிறுத்துங்கள். அவை விபத்துக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கக் கூடாது. 1966-இல் ஒதுங்கி நிற்கவில்லை.

ஓ ரூஜில்தான் கைவேலை அதிகம். இறக்கம் சட்டென ஏற்றமாக மாறினால் காரின் அடிப்பகுதி பாதையில் உரசும். ஏற்றம் சட்டெனத் தட்டையானால் முன்பகுதி மேலெழும்பி நாக்கு வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றிரண்டு பாகை மட்டும் சாய்வை மாற்றி, வளைவைப் பல துண்டுகளுக்குப் பரப்புவது. முழுத் துண்டுகளைத் தவிர்த்து அரை, கால் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் மெல்லிய அட்டையை வைத்து உயரத்தைத் திருத்தி, காரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்த பிறகே ஆணியோ பசையோ.

மழை வேண்டுமென்றால் ஈரச் சாலையின் பளபளப்பைப் பாதைக்கு வெளியே உள்ள ஓரத்திலும் புல்லிலும் மட்டும் வார்னிஷால் காட்டலாம். கார் ஓடும் பரப்பில் பூசினால் டயர் பிடிக்காது. உலோகப் பட்டையில் பட்டால் மின்சாரமே ஓடாது.

இடையில் உள்ளவை

ஷராடு, அணைந்துபோன எரிமலையின் தோள்களில் 8 கிலோமீட்டர் வளைந்து ஏறி இறங்கும் சாலை. அதில் சொல்லிக்கொள்ளும்படியான நேர்சாலை கிடையாது. அறை மிகச் சிறியது என்றால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். இரண்டாம், மூன்றாம் ஆரங்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, எங்கும் அரை மீட்டருக்கு மேல் நேராக விடாதீர்கள். ஓட்டுபவரின் விரல் ஒரு கணமும் ஓயாது. ஓரத்தில் கறுப்புக் கற்கள் சிதறிக் கிடக்க வேண்டும். நிஜத்தில் அங்கே முன்னால் போகும் கார் தெறிக்கவிடும் எரிமலைக் கற்கள் ஓட்டுநர்களுக்குப் பெரும் ஆபத்தாக இருந்தன. அந்தக் கற்களை நிஜக் கல்லில் செய்யாமல் அட்டையில் வெட்டிச் செய்யுங்கள்.

அதன் காரணம் சான்ட்வோர்ட்டுக்கும் பொருந்தும். நெதர்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே உள்ள சுற்று அது. நிஜ மணலைக் கொட்டலாம் என்று கை பரபரக்கும். கொட்டாதீர்கள். மணலில் இரும்புத்துகள் இருக்கும். அவை மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும், பற்சக்கரத்தை அரிக்கும். சலித்த மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிப் பசையில் தூவினால் மணலாகவே தெரியும். ரவை அழகாக இருக்கும், ஆனால் எறும்பு வரும். பாதையில் காப்பாற்ற வேண்டியது, நீண்ட நேர்சாலையின் முடிவில் வரும் டார்சான் என்ற வலப்பக்க அரைவட்டம். முந்திச் செல்ல அதைவிட நல்ல இடம் எந்த மேசையிலும் இல்லை.

பிராண்ட்ஸ் ஹாட்ச் ஒரு கிண்ணத்தின் உள்பக்கம் போன்ற நிலத்தில் இருப்பதால், மேசைக்கென்றே செய்தது. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கீழே விழும் பேடக் ஹில், பள்ளத்திலிருந்து ஏறி உச்சியில் ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி, மறுபடி இறக்கம். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் காட்டுக்குள் போகும் மீதிப் பாதையை ஒரே வளையமாக முடித்துவிடலாம். நூர்பர்க்ரிங்கின் 22 கிலோமீட்டரை இந்த அத்தியாயம் தொடவில்லை. அதற்கு அறை போதாது, கூடம் வேண்டும்.

மோன்சா

எல்லாம் கைவந்த பிறகு இதைத் தொடுங்கள். 1955-இல் கட்டப்பட்ட சாய்வு வளைவுகளோடு சாலைச் சுற்றையும் சேர்த்தால் 10 கிலோமீட்டர். 1955, 1956, 1960, 1961 ஆகிய நான்கு ஆண்டுகளில்தான் உலகச் சாம்பியன் போட்டி இந்த முழுப் பாதையில் ஓடியது. 1960-இல் சாய்வு வளைவு ஆபத்தானது என்று பிரிட்டிஷ் அணிகள் வரவே மறுத்தன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இங்கே வென்றவர் ஃபில் ஹில். பிறகு அவரே படத்துக்காகக் கேமராவைச் சுமந்து ஓட்டினார். திரையில் சாய்வு வளைவு அத்தனை மெய்யாகத் தெரிவதில் எனக்கு வியப்பில்லை.

பாதை ஓடும் விதத்தை முதலில் காகிதத்தில் விரலால் ஓட்டிப் பழகுங்கள். அகலமான முதன்மை நேர்சாலை நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதலில் அதன் இடப்பாதியில் போய், பெரிய வலப்பக்க வளைவு, லெஸ்மோவின் இரண்டு வளைவுகள், பிறகு சாய்வுப் பாதையின் பாலத்துக்கு அடியில் நுழைந்து பின்பக்க நேர்சாலை, பரபோலிகா. அங்கிருந்து மீண்டும் முதன்மை நேர்சாலை, இம்முறை வலப்பாதி. அது வடக்குச் சாய்வு வளைவில் ஏறி, பாலத்தின் மேலே கடந்து, தெற்குச் சாய்வு வளைவில் சுழன்று முதல் இடத்துக்கு வந்து சேரும். ஒரு சுற்றில் மேடைக்கு முன்னால் இரண்டு முறை. பாதை தன்னைக் கடப்பது ஒரே இடத்தில்.

இதில் இரண்டு முறை முழு வட்டம் அடிப்பதால், முன்பு சொன்ன தட வித்தியாசமும் இரட்டிக்கும்: 98 செ.மீ. எனவே மோன்சாவில் தடம் மாற்றி ஓட்டாத பந்தயத்தைப் பந்தயமாகவே எண்ண வேண்டாம். சுற்று எண்ணும் கருவியை இரண்டு நேர்சாலைகளில் ஒன்றில் மட்டும் வையுங்கள்.

4.2 மீட்டருக்கு 1.8 மீட்டர் மேசை, நான்கு பக்கமும் நடக்க இடம். சுமார் 17 மீட்டர் பாதை. தெற்கில் சாய்வு வளைவு வெளியே, பரபோலிகா உள்ளே. வடக்கில் சாய்வு வளைவு உள்ளே, சாலை வெளியே. பாலத்தைக் கடக்கும் கோணம் மிகச் சிறியதாக இருந்தால் பாலம் நீண்டுகொண்டே போகும், தூண் நிறுத்த இடம் கிடைக்காது. லெஸ்மோவை வெளிப்புறம் நன்றாகத் தள்ளி, சாலை சுமார் 45 பாகையில் உள்ளே வரும்படி செய்யுங்கள். பாலத்தின் அடியில் 9 செ.மீ. இடைவெளி போதும். அதற்கு ஏற இரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். வடக்கு வளைவை விட்டு வெளியேறும்போதே ஏறத் தொடங்கிவிடுங்கள்.

சாய்வு நிஜத்தில் மேல் விளிம்பில் 38 பாகையை எட்டும். மேசையில் 20 முதல் 25 பாகை போதும். அதற்கு மேல் போனால் மெதுவாக வரும் காரின் பின்பகுதி கீழே சறுக்கும். சாய்வு வளைவுத் துண்டுகளைச் சில நிறுவனங்கள் தயாராகவே விற்கின்றன. சாதாரண நான்காம் ஆரத் துண்டுகளின் வெளிவிளிம்பை மரத்தாங்கிகளால் உயர்த்தியும் செய்யலாம். எந்த வழியானாலும் சிக்கல் வளைவுக்குள் வராது. அங்கே வேகமே காரைப் பாதையில் அழுத்திப் பிடிக்கும். சிக்கல் நுழையும் இடத்தில். தட்டையான பாதை முறுக்கிக்கொண்டு சாயும் அந்த அரை மீட்டரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முறுக்கை நேர்சாலையின் கடைசி இரண்டு துண்டுகளிலேயே தொடங்கி, வளைவின் முதல் இரண்டு துண்டுகளில் முடியுங்கள். தாங்கிகளைத் திருகாணியால் உயரம் மாற்றக்கூடியதாக வைத்தால் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம்.

படத்தில் சார்த்தி என்ற ஓட்டுநரின் ஃபெராரி இந்த விளிம்பைத் தாண்டித்தான் பறக்கிறது. உங்கள் மேசையிலும் கார் பறக்கும். மேல் விளிம்பில் தடுப்பு வைத்தால் தோற்றம் கெடும். அதற்குப் பதிலாக வெளியே, கொஞ்சம் தாழ்வாக, 15 செ.மீ. அகலத்துக்கு மெத்தென்ற ஃபோம் தாளை ஒட்டி அதன்மேல் பூங்காவின் மரங்களை நடுங்கள். மரங்கள் வளையும் கம்பியில் செய்ததாக இருக்கட்டும். சாய்வின் பரப்புக்கு வெளிறிய சாம்பல் நிறம் அடித்து, கான்கிரீட் பலகைகளின் இணைப்புக் கோடுகளைப் பென்சிலால் இழுங்கள். சாலைப் பகுதி அதைவிட இருண்டிருக்க வேண்டும். படத்தில் இந்த இரு நிறமும்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்கின்றன.

மின்சாரமும் கார்களும்

ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் மின்னழுத்தம் தொலையும். 10 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றில் தொலைவான மூலையில் கார் சோர்ந்து ஓடுவது அதனால்தான். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு முறை மேசையின் அடியிலிருந்து துணை வயர் கொடுத்து விடுங்கள். எந்தப் பட்டைக்கு எந்த நிற வயர் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். மோன்சாவில் நேர்சாலை இரட்டையாக ஓடுவதால் மாற்றிக் கொடுக்க வாய்ப்பு அதிகம். மாற்றிக் கொடுத்தால் நேரடி ஷார்ட். கடற்கரை ஊர்களில் பட்டைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓட்டாத நாளில் துணி போர்த்தி, ஓட்டும் முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும்.

கடைசியாகக் கார். 1966-இல் 3 லிட்டர் எஞ்சின் விதி புதிதாக வந்தது. கார்களில் இறக்கை கிடையாது, டயர் ஒல்லி. அவை வளைவில் நான்கு சக்கரமும் வழுக்கியபடிதான் போயின. இன்றைய ஸ்லாட் கார்களின் அடியில் உள்ள காந்தம் காரைப் பட்டையோடு ஒட்டிப் பிடிப்பதால் இந்த வழுக்கல் வராது. கழற்றிவிடுங்கள். காந்தம் போனதும் கார் தாறுமாறாக ஓடும். டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தத்தை 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறக்கி, காரின் அடியில், நாக்குக்குச் சற்றுப் பின்னால், சில கிராம் ஈயத் தகடு ஒட்டினால் அடங்கும். இப்போது ரயில் நிலையக் கொண்டை ஊசியில் பின்பகுதி மெல்ல விலகி, நீங்கள் விரலைத் தளர்த்தியதும் திரும்பி நேராகும்.

நிறங்களுக்கு: படத்தில் வரும் யமூரா அணியின் கார் வெள்ளையில் பச்சைப் பட்டை. அதற்கு மாதிரி அந்த ஆண்டின் மெக்லாரன் எம்2பி. படத்துக்காக புரூஸ் மெக்லாரனின் நிஜக் காரே அந்த நிறத்தில் ஓடியது. படத்தின் இன்னொரு ஓட்டுநரான ஸ்டாடர்டின் தலைக்கவசத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட பட்டை வேண்டும். அதை 1/32 அளவில் தூரிகையால் தீட்ட முயல வேண்டாம். காகிதத்தில் அச்சிட்டு, ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டி, நீர்த்த பசையில் ஒட்டி, மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.